ஷாட் முடியட்டும், வண்டியை எடுக்காதே

கிள்ளானில் இன்று காலை நீங்கள் நெரிசலில் மாட்டியிருந்தால் லோரிகளைத் திட்டாதீர்கள். சாலையைத் தோண்டிப் போட்டவர்களையும் திட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் காரணம்: பிரெஞ்சு மாஸ்டர். பச்சை விளக்கு விழுந்த பிறகும், ஏதோ பழைய ஞாபகம் வந்துவிட்டதுபோல் உங்களுக்கு முன்னால் ஒரு கார் அசையாமல் நின்றிருக்குமே, அதை ஓட்டியவர் சத்தியமாக அவரிடம் லைசன்ஸ் எடுத்தவர்.

பெயரை வைத்து அவர் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கஞ்சில் என்கிற குட்டிக் காரின் மண்டையில் மஞ்சள் பலகை, பயணி இருக்கையின் காலடியில் தனி பிரேக், அதன்மேல் எந்நேரமும் அவருடைய வலது கால். சொந்தப் பெயர் அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யாரும் கேட்டதில்லை.

அவருடைய மாணவர்கள் விபத்தே செய்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உண்மைதான். விபத்து நடக்க வண்டி நகர வேண்டும்.

"மாஸ்டர், பச்ச விழுந்துருச்சு, எடுக்கட்டா?"

"இரு லா. ஷாட் முடியட்டும்."

பின்னால் லோரி அலறும். மோட்டார் சைக்கிள்காரன் கண்ணாடியைத் தட்டிக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். மாஸ்டர் முன்னால் போகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் திருப்தி வந்ததும் "ம்" என்பார். அதற்குள் மறுபடி சிவப்பு விழுந்திருக்கும்.

இந்த வியாதி அவருக்கு வந்த கதை தாமான் முழுக்கத் தெரியும். இளவயதில் கோலாலம்பூரில் ஒரு கம்பெனிக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். ஒருநாள் நல்ல மழை. ஒதுங்கிய கட்டடத்தில் ஒரு பிரெஞ்சுப் படத்தை இலவசமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏர்கோன் குளிர் இருந்தது. சட்டை காயட்டும் என்று போய் உட்கார்ந்தவர், சட்டை காய்ந்து வெகுநேரமாகியும் எழவில்லை. ஒன்பது மணி நேரப் படம். பாதியில் கிள்ளானுக்குக் கடைசி பஸ் குறுக்கே வந்துவிட்டது.

அந்தப் பாதிப் படத்தை வைத்துத்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கதை இதுதான். ஒரு கிராமத்து ரயில் கேட். அதை ஏற்றி இறக்கும் ஒரு பெண். வீட்டுக்குள் உறுமிக்கொண்டே கிடக்கும் அவளுடைய கிழட்டுப் புருஷன். ஒருநாள் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் வந்து நிற்கிறது. வந்தவன் அவளுடைய பழைய காதலன். வா, போய்விடலாம் என்கிறான். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவள் கேட்டில் கை வைத்தபடி நிற்கிறாள். தூரத்தில் ரயில் வருகிறது.

"அப்புறம், மாஸ்டர்?"

"அப்புறம் எனக்கு பஸ் வந்துருச்சு."

கார் ஓட்டுவதில் இந்தப் படத்துக்குள் அடங்காத பாடமே கிடையாது. "கதவ தொறந்து வச்சிக்கிட்டு நிக்கறானே, கண்ணாடிய பாத்தானா? பாக்கல. நீ பாரு." மேட்டில் வண்டியை நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுக்கும் பரீட்சை இருக்கிறதே, புக்கிட் என்போம், அதற்கு, "ஒன் கால்தான் ரயில் கேட்டு. அவ எப்பிடி தூக்குவா? சடக்குனு தூக்குவாளா? மெல்ல, மெல்ல. கிளட்ச்ச விடு."

இப்படியாகக் கிள்ளானில் பாதிப் பேருக்கு ஒரு பிரெஞ்சுப் படத்தின் முதல் பாதி மனப்பாடம். அவள் அந்தக் காரில் ஏறினாளா, இல்லையா என்று தே தாரிக் டீக்கடைகளில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஏறினாள் கட்சிக்குத் தலைவர் லோரி ஓட்டும் குமார் அண்ணன், மாஸ்டரின் பழைய மாணவர். "ஏறாம என்ன லா செய்வா? கெழவனுக்கு சூப் வச்சி ஊத்திக்கிட்டு ஒக்காந்திருப்பாளா?" என்று மேசையைத் தட்டுவார். எதிர்க்கட்சிக்காரர்கள் குடும்ப கௌரவத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஊகம் சொல்லுகிற இரண்டு கட்சிகளையும் மாஸ்டர் ஒரே அளவு வெறுத்தார். "கற்பன பண்ணாதீங்க லா! கலைய கலையா பாக்கணும். உள்ளத உள்ளபடி பாக்கணும்!"

இந்த 'உள்ளதை உள்ளபடி' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் படம் பார்த்த மனிதருக்கு இருந்த திமிர், முழுப்படம் எடுத்தவனுக்குக்கூட இருந்திருக்காது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் முறுக்கை எடுப்பதற்கு முன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிடுவார். "ஒரு நிமிஷத்துக்குள்ள எத்தன வெட்டு! மனுஷன் மூச்சு விட வேணாமா?" வீட்டுக்காரர் முகம் வாடும். பிள்ளைகள் அழும். இவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, எங்கள் இனத்துக்கு ரசனை செத்துப்போய்விட்டதை அறிவிப்பார். போகும்போது மிச்ச முறுக்கைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்வார். பரீட்சையில் தோற்ற மாணவர்களிடம், "நீ ஸ்டியரிங்ல தோக்கல, ரசனையில தோத்துட்ட" என்பார். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

அவரிடம் படித்த மாணவர்களில் என் அம்மாவும் ஒருவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் கார் ஓட்டும் ஆசை வந்தது. "ஒனக்கு எதுக்கு லைசன்ஸு? எங்க போகப் போற?" என்று அப்பா கேட்டார். அம்மா நேராகப் பிரெஞ்சு மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார். புக்கிட்டில் உருண்டு உருண்டு தோற்றார். கடைசியில் ஒருநாள் ஏறி, நின்று, உருளாமல் எடுத்தார். எப்படி என்று கேட்டேன். "அந்தப் பொம்பள கார்ல ஏறப் போறான்னு நெனச்சிக்கிட்டே எடுத்தேன்டா. வந்துருச்சு" என்றார்.

இனி நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன். அதனால் தாமானில் மருந்துப் பாட்டிலில் எழுதியிருப்பது முதல் வங்கிக் கடிதம் வரை எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மொழிபெயர்ப்பு எங்கள் பரம்பரைத் தொழில் அல்ல, என்னிலிருந்து தொடங்குகிறது. ஒரு பருவம் பிரெஞ்சு பாடம் எடுத்திருந்தேன். என் பெயரைச் சொல்லவும் ரயில் நிலையம் எங்கே என்று கேட்கவும் தெரியும். அம்மா இதை 'எம்மவனுக்கு பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு' என்று கோயில்வரை பரப்பியிருந்தார்.

அந்தப் படத்தைச் சுத்தப்படுத்திப் புதிதாக டிஸ்க்கில் வெளியிட்டிருக்கிறார்கள் என்ற செய்தி என் கைப்பேசியில்தான் வந்தது. காட்டினேன். மாஸ்டர் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். இந்த முறை ஷாட் உண்மையிலேயே நீளம்.

"ரிஸ்டோர்னா என்னா தம்பி?"

பழைய பிலிம் கீறிப்போய், நிறம் மங்கியிருக்கும்; ஒவ்வொரு படச்சட்டமாகத் துடைத்து, வெளிச்சத்தையும் சத்தத்தையும் பழையபடி கொண்டுவருவார்கள் என்று விளக்கினேன். அவர் நேராகத் தே தாரிக் கடைக்குப் போய்ச் சபையோருக்கு அறிவித்தார்: "திருப்பணி லா. கோயிலுக்குப் பண்றோம்ல, அது மாதிரி."

சபை முகம் சுளித்தது. காரணம் உண்டு. எங்கள் தாமான் கோயிலில் போன முறை திருப்பணி என்று சொல்லி முனீஸ்வரருக்குப் புது வர்ணம் அடித்தார்கள். அடித்த ஆள் என்ன நினைத்தானோ, முகத்துக்கு ரோஸ் நிறம் கொடுத்து, உதட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டான். அதுவரை பார்த்தாலே குலைநடுங்க வைத்த சாமி, பல்பொடி விளம்பரத்துக்கு நிற்பதுபோல் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து எங்கள் ஆட்களுக்குத் திருப்பணி என்ற சொல்லே ஆகாது.

லண்டனிலிருந்து வரவழைத்த படப் பெட்டி வந்தது. தலைகாணிக்கு ஆகிற மாதிரி ஒரு புத்தகம், நான்கு டிஸ்க். போட்டுப் பார்க்க மெஷின்தான் இல்லை. அப்படியே ஒரு வீட்டில் கிடைத்தபோதும், ஐரோப்பாவுக்கென்று அடித்த டிஸ்க் இந்த நாட்டு மெஷினில் ஓடாது என்று திரையில் எழுத்து வந்து நின்றது. மாஸ்டர் டிவியைப் பார்த்து, "வெள்ளைக்காரன் போயும் நமக்கு விடுதல இல்ல" என்றார். பிறகு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை. முன்பு படக் கேசட் விற்றவர், இப்போது மாலையும் கைப்பேசி உறையும் விற்கிறார். மல்லிகைப்பூக் கூடைகளுக்கு அடியிலிருந்து ஒரு மெஷினை இழுத்து, தூசி தட்டி, "எல்லா நாட்டு டிஸ்க்கும் பாடும் பாஸ்" என்று கொடுத்தார். படம் முடியும்வரை அதிலிருந்து மல்லிகை வாசம் வந்தது.

வீட்டில் தனியாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பிள்ளைங்க எல்லாரும் பாக்கணும். அவ ஏறினாளா இல்லையான்னு அன்னிக்கு ஒரு முடிவு தெரியணும்." தாமானின் பொதுமண்டபமான பாலாய் ராயாவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்தார். ஞாயிறு காலை மண்டபம் நிறைந்துவிட்டது. அம்மா கேன்டீன் சட்டி நிறைய மீ கோரிங் நூடுல்ஸோடு வந்திருந்தார். குமார் அண்ணன் லோரியை வெளியே நிறுத்திவிட்டுத் தன் கட்சியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியதா? எப்படித் தொடங்கும்? எங்கள் ஊரில் பொன்னாடை போர்த்தாமல் மின்விசிறிகூடச் சுற்றாது. குடியிருப்போர் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். பிரான்சுக்கும் கிள்ளானுக்கும் உள்ள தொப்புள்கொடி உறவைப் பற்றிப் பேசினார். ரயில் தண்டவாளப் பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு நீளமாக ஒரு படம் எடுத்ததற்காக அந்நாட்டு மக்களைப் பாராட்டினார். மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, வேறொரு திறப்புவிழாவுக்குப் புறப்பட்டுப் போனார். அன்றைய நிகழ்ச்சியில் வேகமாக நடந்தது அது ஒன்றுதான்.

மைக் என் கைக்கு வந்தது. கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் பார்த்து நான் தமிழில் சொல்ல வேண்டும். விளக்கை அணைத்தார்கள்.

கேட் ஏறியது. கேட் இறங்கியது. கேட் ஏறியது. "பாருங்க லா, வெட்டே இல்ல!" என்று மாஸ்டர் இருட்டில் மகிழ்ந்தார். சனம் மரியாதையோடு பார்த்தது. பிறகு அந்தப் பெண் வீட்டுக்குள் போய்க் கிழவனிடம் பேசினாள். நான் படித்துச் சொன்னேன்: "அப்பா, சூப் ஆறிடும்."

மண்டபத்தில் சலசலப்பு. பின்னாலிருந்து ஒரு குரல்: "வெள்ளைக்காரங்க புருஷன அப்பான்னா கூப்புடுவாங்க?"

"வயசுக்கு மரியாத லா," என்றார் குமார் அண்ணன்.

நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் கார் வந்தது. கதவு திறந்தது. மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த இளைஞன் இறங்கி, அவளைப் பார்த்து, கண்கலங்கி ஒரு வார்த்தை சொன்னான். நான் கீழே ஓடிய எழுத்தை இரண்டு முறை படித்தேன்.

"என்னா சொல்றான்? சொல்லு தம்பி!"

"அக்கா," என்றேன்.

இரண்டு கட்சிகளும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தன. நான் உண்மையைத் தவிர வேறொன்றும் படிக்கத் தெரியாதவன். தொடர்ந்து படித்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நிலத்தை விற்றுவிடலாம், நீயும் கையெழுத்துப் போடு, என்னோடு டவுனுக்கு வந்துவிடு, அக்கா.

"சொத்துப் பிரச்சனையா?" குமார் அண்ணன் எழுந்துவிட்டார். "அதுக்கு எதுக்கு லா பிரான்சுக்குப் போகணும்? எங்க வீட்டுக்கு வந்தா போதுமே!"

"காதலன்னு சொன்னீங்களே மாஸ்டர்!"

"தம்பி தப்பா படிக்கிறான்!"

"படிச்ச புள்ளடா அது, தப்பா படிக்குமா?"

அம்மா குனிந்தபடி ஓடிவந்து என் காதில் சீறினார். "அவரு சொன்ன மாதிரியே சொல்லித் தொலையேன்டா!"

"பொய்யாச்சேம்மா."

"பெரிய ஹரிச்சந்திரன்! அந்த மனுஷன் மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். பொன்னாடையோடு, திரை வெளிச்சம் முகத்தில் பட, மாஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் டிவிகளை அணைத்த மனிதர். அவரையும் ஒருநாளாவது யாராவது அப்படி அணைக்க வேண்டும் என்று நானே வேண்டியிருக்கிறேன். அது என் வாயாலேயே நடக்கும் என்று நினைக்கவில்லை.

அவர் எழுந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். மன்னிப்புத்தான் கேட்கப்போகிறார் என்று நம்பினேன்.

"தம்பி சரியாத்தான் படிக்குது. தப்பு தம்பி மேல இல்ல." ஒரு இடைவெளி விட்டார். இடைவெளி விடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. "திருப்பணி பண்றேன்னு சொல்லி கதையவே மாத்திட்டானுங்க!"

நம்புவீர்களா? மண்டபம் மொத்தமும் "அதான பாத்தேன்!" என்றது. "நம்ம முனீஸ்வரருக்கு செஞ்ச மாதிரியே செஞ்சிட்டானுங்க!" "நல்லா இருந்த சாமிய சிரிக்க வச்சானுங்க, நல்லா இருந்த காதலன தம்பியாக்கிட்டானுங்க!" ஒரு பாட்டாளிக் கூட்டம் முழுவதும் ஒரே நொடியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகத் திரண்டது. வசனத்தை யாரும் மாற்ற முடியாது, அழுக்கைத்தான் துடைப்பார்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இருப்பா, ஒனக்கு கோயில் விஷயம் தெரியாது," என்று அடக்கிவிட்டார்கள். பட்டம் வாங்கியதன் பலனை அன்றுதான் முழுசாக உணர்ந்தேன்.

சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மாஸ்டர் அருகில் போய் மெல்லக் கேட்டேன். "அன்னிக்கு நீங்க பாத்தப்ப கீழ எழுத்து ஓடுச்சா மாஸ்டர்?"

"ஓடுச்சு லா." மீ கோரிங்கைக் கிளறினார். "முன்னால ஒரு வெள்ளைக்காரன் ஒக்காந்திருந்தான். ஒசந்த ஆளு. தல மறைச்சிருச்சு."

சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். கெட்டுப்போன கதையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? திரும்பி வந்தவர்களில் குமார் அண்ணன் உடனே குறட்டைக்குப் போய்விட்டார். விழித்திருந்தது மூன்று பேர். மாஸ்டர், அம்மா, நான். மைக் தேவைப்படவில்லை.

கடைசியில் அந்த இடம் வந்தது. தம்பி டவுனுக்குக் கிளம்புகிறான். கார்க் கதவு திறந்திருக்கிறது. அவள் கேட்டில் கை வைத்து நிற்கிறாள். ரயில் வருகிறது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மாஸ்டரின் வலது கால் சிமெண்டுத் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. ரயில் முடிந்தது. அவள் கேட்டைத் தூக்கினாள். கார் போனது. அவள் கேட்டை இறக்கினாள்.

"ஏறல," என்றார் மாஸ்டர். பரீட்சையில் தோற்றதை அதிகாரி சொல்லக் கேட்ட பிள்ளையின் குரல். பாதிப் படத்தை வைத்துக்கொண்டு ஊரையே மிரட்டிய மனிதர், முழுப்படம் கையில் வந்ததும் சின்னதாகிவிட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "வேல நேரத்துல எப்பிடி மாஸ்டர் ஏறுவா? ஷிப்ட் முடிஞ்சு போவா."

மாஸ்டர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகும் படம் வெகுநேரம் ஓடியது. கேட் ஏறியது, இறங்கியது. அவள் ஷிப்ட் முடிவதற்குள் படம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் நாற்காலி அடுக்கவும் மிச்ச மீ கோரிங்குக்கும் கூட்டம் திரும்பி வந்தது. விழித்தெழுந்த குமார் அண்ணன் நேராக வந்தார். "மாஸ்டர், கத கெட்டது கெட்டுப்போச்சு. கடைசில அவ ஏறினாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

எல்லாரும் நின்றார்கள். மாஸ்டர் பொன்னாடையைக் கழற்றி மடித்தார். என் பக்கம் கை காட்டினார். "தம்பிதான் படிச்ச புள்ள. அதக் கேளு. உள்ளத உள்ளபடி சொல்லும்."

அம்மா மண்டப வாசலில் கார் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். மாஸ்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. நான் அம்மாவைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்தேன்.

"ஏறிட்டா," என்றேன்.

குமார் அண்ணன் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஏறினாள் கட்சி அன்றைக்கு எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தது. எதிர்க்கட்சிகூட வாங்கிக் குடித்தது.

காரில் மாஸ்டர் முன்னால், பக்கத்து இருக்கையில். நான் பின்னால், டிஸ்க் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. திடீரென்று மாஸ்டர் திரும்பாமலேயே சொன்னார்:

"தம்பி, ஒங்க பிரெஞ்சு ரொம்ப மோசம் லா."

"ஆமா மாஸ்டர்."

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. அம்மா அசையவில்லை. மாஸ்டர் வழக்கம்போல் முன்னால் போகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "ம்" என்றார். அம்மா கிளட்சை மெல்ல மெல்ல விட்டார்.

மாஸ்டர் இப்போது பூச்சோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் பார்க்கும் டிவியை அணைக்கிறார் என்று புகார் வருகிறது. அம்மா இன்னும் பச்சை விழுந்ததும் கொஞ்சம் பொறுத்துத்தான் எடுக்கிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களிடம் நான் இறங்கிப் போய் எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவிடம் சீக்கிரம் போகச் சொல்ல மட்டும் என்னால் ஆகாது.